கிழமையும் கிழமும்

இன்று 'கிழவன்' என்ற அளவில் நரையும் தளர்ச்சியுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஓரளவு இழிப்புப் பொருளும் உடன் தோன்றுகின்றது. பண்டை நூல்களைப் பயிலும் மாணவர் முதற்கண் இடர்ப்படுவது இச்சொல்லிலேயே எனலாம். தொல்காப்பியர் அகத்திணைத் தலைமக்களைக் கிழவன், கிழத்தி என்று குறிக்கின்றார். இளமைச் செவ்வியில் நிற்கும் அவர்க்கு முதுமை யாண்டையது? திருமுருகாற்றுப்படை என்றும் இளையோனாகிய முருகனை மலைகிழவோன் என்று குறித்து முடிகின்றது. உழவதிகாரத்தில் வள்ளுவர் கூறும் நிலக்கிழவனும் நிலத்தை நாளும் சென்று காணவேண்டிய உடையவனே, முதியவன் அல்லன்.

ஆகவே, கிழமை உரிமையையே முதலிற் குறித்தது என்பது எம் துணிபு. ஆறாம் வேற்றுமைப் பொருளைக் கிழமை என்றே இலக்கணம் வழங்கும்; தற்கிழமை, பிறிதின்கிழமை என அதனைப் பகுப்பர். ஞாயிற்றுக்கிழமை என்பதும் ஞாயிற்றிற்கு உரிய நாள் என்பதே. கோவூர்கிழார், அரிசில்கிழார் என்னும் பெயர்களில் ஊருரிமை விளங்குகின்றது.

முதுமையைச் சுட்டச் சங்கப் புலவர்க்கு வேறு சொற்கள் இருந்தன. தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி இருமும் தம் நிலையைப் பெருமூதாளர் என்ற சொல்லாற் கூறுகின்றார் (புறம். 243). முதுமையின் மிகுதியை அதனினும் செறியச் சொல்லுதல் அரிது. கிழவன் என்னும் சொல்லை அவர் அங்கு நாடவில்லை.

பின்னர்ப் பொருள் திரிந்தது எவ்வாறு? வேறொரு வேரினின்று முதுமைப் பொருள் பிறந்து, உருவொப்புமையால் இதனோடு கலந்தது என்று கருதவும் இடமுண்டு. ஆயினும், மனைக்கும் நிலத்திற்கும் உரியவன் பெரும்பாலும் குடியில் மூத்தோனாதலின், உரிமைச்சொல் மூப்பின்மேற் சென்றது என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. 'பழைமை' என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், நண்பர் கிழமையாற் செய்வதைச் சிதையாத நட்பே பழைமை என்று வள்ளுவர் வரையறுத்தலும் இங்கு நோக்கற்பாலது. நெடுங்காலத் தொடர்பு உரிமை தரும் என்னும் எண்ணம் அக்காலத்தே வேரூன்றியிருந்தது.

உடைமை ஏதுமில்லா எருதையும் 'கிழ எருது' என்னும் வழக்குத் தோன்றியபோது பழம்பொருள் அற்றுப்போயிற்று. கிழார் என்னும் உயர்வுப்பன்மை வடிவம் மட்டும், சேக்கிழார் போன்ற குடிப்பெயர்களில் நிலைத்தமையால், இழிபுறாது தப்பியது. பெண்பாலிலும் கிழத்தி உரிமைப்பொருளிலேயே நின்றுவிட, முதுமை 'கிழவி'யையே பற்றிக்கொண்டது.