நெருப்புக்குத் தோண்டிய ஏரிகள்

ஜனவரி மாசம் கடற்கரைக்கு டூர் போறேன்னு சொன்னதும் ஆபீஸ்ல ஒரு மாதிரியா பார்த்தாங்க. "ரூம் வாடகை பாதிதான்" என்பதைத் தவிர என்னிடம் வேற பதில் இல்லை. நானும் அறை நண்பனும் ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு கிளம்பினோம். இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கும் கிரேட் யார்மத்.

ஒரு காலத்தில் ஹெர்ரிங் மீன் சோறு போட்ட ஊர். இப்போ கோடைக்கூட்டம்தான் பிழைப்பு. நாங்க போனப்ப பாதிக் கடைக்கு ஷட்டர். வடகடல் காத்து காதை அறுத்தது. அரை மணி நேரத்துக்கு மேல தாங்கல. காரை எடுத்துக்கிட்டு ஏரிப்பக்கம் ஓடிட்டோம்.

யார்மத்துக்குப் பின்னால் ஆத்தோரமாக டஜன் கணக்கில் ஆழமில்லாத ஏரிகள். 'பிராட்' என்பது உள்ளூர்ப் பெயர். பக்கத்திலேயே ஃபில்பி, ரோல்ஸ்பி, ஆர்ம்ஸ்பி. சுத்தி நாணல், நடுவில் வாத்துக் கூட்டம். பார்த்தால் ஆதிகாலத்தில் இருந்தே அப்படியே கிடப்பது போல இருக்கும். அங்கேதான் ஏமாந்துபோறோம். இவை மனுஷன் தோண்டிய குழிகள்!

சரி, கதைக்கு வருவோம். 1952 வரைக்கும் படிச்சவங்களும் இவை இயற்கை ஏரிகள்னுதான் நம்பினாங்க. ஜே.என்.ஜென்னிங்ஸ் என்ற புவியியல் ஆய்வாளர் அதை விளக்கி அந்த வருஷம் ஒரு ஆய்வே வெளியிட்டார். அதே சமயத்தில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியல் அம்மையார் அங்கே இன்னும் நெருக்கமாகத் துளை போட்டு மண் எடுத்துப் பார்த்தார். இயற்கை ஏரின்னா கரை மெல்லச் சரியணும். இங்கே சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கியது. அடித்தரை சமம். நடுநடுவே தோண்டாமல் விட்ட வரப்புகள் வேற. இடைவெளி விட்டு டெஸ்ட் பண்ணினா பக் கண்ணில் படாது என்பது நம்ம தொழிலில் தெரிஞ்ச விஷயம்தானே :-)

எனக்குப் பிடிச்சது அடுத்த பகுதி. ஜென்னிங்ஸ் வீம்பு பிடிக்கவில்லை. தன் கருத்தைக் கைவிட்டு, லாம்பர்ட்டோடும் வேறு சிலரோடும் சேர்ந்தே 1960ல் புத்தகம் போட்டார். அதில் போட்ட கணக்குப்படி தோண்டி எடுத்தது சுமார் 90 கோடி கன அடி.

எதுக்குத் தோண்டினாங்க? குளிருக்கும் அடுப்புக்கும். 1086ல் எடுத்த கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலேயே ஜனநெருக்கம் அதிகமான இடங்களில் நார்ஃபோக்கும் ஒன்று. விறகுக்குப் பஞ்சம். ஆனால் ஆத்தோரச் சதுப்பில் 'பீட்' இருந்தது. செத்த செடிகொடிகள் தண்ணியில் முழுசா மக்காமல் அமுங்கிக் கிடக்கும் கறுப்பு மண். செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்தால் எரியும். நாரிச் தேவாலயத் துறவி மடத்தின் அடுப்புக்கே வருஷத்துக்கு லட்சக்கணக்கான கட்டிகள் போயின. கிட்டத்தட்ட 10 அடி ஆழத்துக்குக் குழிகள் இறங்கின.

அப்புறம் கடல் மட்டம் மெல்ல ஏறியது. 1287 டிசம்பர் புயலில் கடல் உள்ளே புகுந்து ஹிக்லிங் என்ற ஒரே ஊரில் 180 பேர் செத்ததாக அந்தக் கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. குழிகளில் தண்ணி ஊறிக்கிட்டே இருந்தது. 14ம் நூற்றாண்டில் வெட்டுறது படிப்படியாக நின்னுபோச்சு. பண்ணைக் கணக்குகளில் பீட் வருமானம் போய் மீன் வருமானம் வந்தது. தோண்டினது மட்டும் ஜனங்களுக்கு மறந்தேபோனது. சில நூறு வருஷம் போதும் போல, நாம செய்ததை இயற்கைன்னு நம்புறதுக்கு.

மறுநாள் திரும்பும் வழியில் யார்மத்துக்கு வடக்கே ஹெம்ஸ்பி கடற்கரையில் நிறுத்தினோம். மணல்மேடு கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. 2013 டிசம்பர் கொந்தளிப்பில் அங்கே வீடுகள் கடலுக்குள் சரிந்தன. 2023ல் இன்னும் சில வீடுகளை, விழும் முன்பே இடித்தார்கள். மேட்டு மேலே மிச்ச வீடுகளின் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். காருக்கு வந்ததும் நாங்களும் முதலில் போட்டது ஹீட்டர்தான்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசிக்கல.

போறதா இருந்தா குளிர்காலத்திலேயே போங்க. கூட்டம் இருக்காது. குல்லா மறக்காதீங்க.