சலவைப்பொறியும் வீட்டுழைப்பும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிச் சில குறிப்புகள்

வீட்டுச் சலவைப்பொறியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பொறியை இயக்கியவர் யார், அதற்கு முன்னர் அவ்வுழைப்பு எங்கு, எத்தகைய உறவுகளின் கீழ் நடைபெற்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படுதல் அரிது. ஐக்கிய அமெரிக்காவை நோக்குமிடத்து, பொறி பரவுமுன்னரே நகரங்களில் சலவை வேலையின் கணிசமான பகுதி கூலியுழைப்பாகிவிட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1881இல் அத்லாந்தா நகரின் கறுப்பினச் சலவைப் பெண்கள் சங்கம் அமைத்துக் கூலியுயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். 1908இல், சலவைச்சாலை முதலியவற்றில் பெண்களின் வேலைநாளைப் பத்து மணித்தியாலமாக வரையறுத்த ஒறிகன் மாநிலச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. (அத்தீர்ப்பு பெண்ணின் உடற்பலவீனத்தைக் காரணங்காட்டிற்று என்பது வேறு விடயம்.) கூலி, வேலைநேரம், சங்கம் ஆகியன பற்றிப் பேசத்தக்க களமொன்று அங்கிருந்தது.

அடுத்துவந்த தசாப்தங்களில் இவ்வேலை மீண்டும் வீட்டினுள் ஒடுங்கிற்று. அயோவா மாநிலத்து நியூற்றனில் விவசாயக் கருவிகள் செய்துவந்த மேற்றாக் கம்பனி, மின்சாரம் எட்டாத பண்ணைவீடுகளுக்கெனச் சிறு பெற்றோல் எஞ்சின் பூட்டிய பொறியை 1910களில் விற்பனைக்கு விட்டது. 1930களின் நடுப்பகுதியிலும் பண்ணைகளில் ஏறத்தாழப் பத்திலொன்றே மின்சாரம் பெற்றிருந்தமையை நினைவுகூரின் இதன் சந்தைத் தருக்கம் புலப்படும்.

எஞ்சினைக் காலால் உதைத்து இயக்க வேண்டும். புகைக்குழாயை வெளியே நீட்டிவிட வேண்டும். நீரைச் சுடவைத்து வாளியால் ஊற்றுவதும் பெண்ணின் வேலையே. அதே சவர்க்கார நீரில் முதலில் வெள்ளைத் துணிகளும், பின்னர் நிறத்துணிகளும், ஈற்றில் அழுக்கேறிய வேலையுடைகளும் தோய்க்கப்பட்டன. ஒவ்வொரு துணியும் கையால் எடுக்கப்பெற்று, இரு உருளைகளிடையே செலுத்திப் பிழியப்பட்டு, அலசுதொட்டிக்கு மாற்றப்பட்டு, மீண்டும் பிழியப்பட்டது. விரலும் கூந்தலும் உருளைகளில் அகப்பட்டமையால், தட்டியவுடன் அவை விலகும்படியான அமைப்புப் பொருத்தப்படலாயிற்று. இருப்பினும், பலகையில் தேய்த்துத் தோய்ப்பதிலும் இது இலகுவானதே. அதனை மறுத்தல் நேர்மையாகாது.

1937இல் வெளிவந்த பென்டிக்ஸ் தானியங்கிப் பொறி பிழியும் வேலையையும் தானே செய்தது. ஆனால் அதன் அதிர்வைத் தாங்க, அதனை நிலத்துடன் இறுக்கிப் பூட்ட வேண்டியிருந்தது. தானியங்கிகள் இரண்டாம் உலகப்போரின் பின்னரே பரவலாயின.

உழைப்பு நேரம் குறைந்ததா? ஏறத்தாழ ஐம்பதாண்டுக் கால நேரக்கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட யோவன் வனெக், முழுநேர இல்லத்தரசியர் சலவைக்குச் செலவிட்ட நேரம் கூடியிருந்ததை 1974இல் எடுத்துக்காட்டினார். உடைகள் பெருகின, அவை அடிக்கடி தோய்க்கப்பட்டன. 1983இல் வெளிவந்த தமது நூலில் ரூத் சுவாட்ஸ் கோவன் இதனை மேலும் விளக்கினார். முன்னர் சலவைக்காரியும் சலவைச்சாலையும் பகிர்ந்த வேலை, பொறியின் முன் தனித்து நின்ற இல்லத்தரசி ஒருத்தியிடமே குவிந்தது. ஒறிகன் சட்டத்தின் பத்து மணித்தியால வரையறை அவளுக்குப் பொருந்துவதாயிருக்கவில்லை.