தொப்பியின் நாதமும் பெட்டியின் துளையும்

புனே நகரை அடுத்துள்ள ஆகுர்டி, பஜாஜ் ஆட்டோ தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். பிழைப்பை நாடி இத்தகைய ஊர்களிற் குடியேறிய நாம், தாய்நாட்டின் இசையைப் பெரும்பாலும் ஒலிபெருக்கியின் வாயிலாகவே கேட்கிறோம். கச்சேரியில் மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று ஒலிக்கும். இடந்தலையாகிய தொப்பியின் கும்காரமோ சிறிய பெட்டிகளில் மறைந்துபோகும். பாதி மிருதங்கத்தையே கேட்டு வளரும் நம் குழந்தைகள், அதுவே முழு வாத்தியம் என்று எண்ணிவிடுவர் அன்றோ? ஆகவே, பலகை அறுத்துத் தாமே பெட்டி செய்ய முனைவோர், அதில் இடும் துளையின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

இன்று வழங்கும் கூம்பு வடிவ ஒலிபெருக்கியை 1925ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரைஸ், கெல்லாக் ஆகிய இருவரும் உருவாக்கினர். கூம்பு முன்னோக்கிக் காற்றைத் தள்ளும்போது, பின்புறத்தில் காற்று தளர்கிறது. பெட்டியின்றி வைத்தால், தாழ்ந்த ஒலியில் முன்னலையும் பின்னலையும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். மூடிய பெட்டியில் இக்கேடு இல்லை. ஆனால் பின்னலை முழுதும் வீணாகிறது.

அதனைப் பயன்படுத்தும் வழி பழைய அறிவில் இருந்தது. குறுகிய வாயுடைய கலத்தின் காற்று, தனக்குரிய ஒரே சுருதியில் அதிர்வதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். நம் கடக் கலைஞர், பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை மாற்றுவது இவ்வியல்பினாலேயே ஆகும். இதனை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பொருத்தி, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1930இல் விண்ணப்பித்து, 1932இல் காப்புரிமை பெற்றார்.

இதன் இயக்கம் எளிது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று வில் போன்றது. குழாயிலுள்ள காற்று அவ்வில்லில் தொங்கும் எடை போன்றது. எடை மிகுந்தால் சுருதி தாழும். தொப்பியில் ரவைப் பசை அப்பிச் சுருதியைத் தாழ்த்துகிறோமே, அதே நியதிதான். 50 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியில் 10 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் உள்ள குழாயை வைத்தால், அதன் சுருதி விநாடிக்குச் சுமார் 46 அதிர்வுகள். குழாயை 37 செ.மீ. ஆக நீட்டினால் அது சுமார் 32 ஆகத் தாழும். இரு முனைகளிலும் வெளிக்காற்றுச் சிறிது சேர்ந்து அசைவதால், கணக்கில் குழாயின் நீளத்துடன் ஏறக்குறைய 7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். துளையை அகலமாக்கினால் சுருதி உயரும். மிகக் குறுக்கினாலோ காற்று சீறும்.

இவ்வளவு தெரிந்தும், நெடுங்காலம் பெட்டிகள் பெரும்பாலும் சோதித்துச் சோதித்தே செய்யப்பட்டன. ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல், ஒலிபெருக்கியின் இயல்புகளுக்கேற்பப் பெட்டியையும் துளையையும் கணக்கிடும் முறையை வகுத்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதனை விரிவாக்கினார். இன்று ஒலிபெருக்கிகளுடன் வரும் அளவுக் குறிப்புகளுக்கு இவ்விருவர் பெயரே வழங்குகிறது. அக்குறிப்பைப் பாராமல் பெட்டி அறுப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதை ஒக்கும்.

செய்து முடித்த பெட்டியை வீட்டிலேயே சோதிக்கலாம். மெல்லிய ஓசையில் சுருதியைப் படிப்படியாகத் தாழ்த்திக்கொண்டு வந்தால், ஓரிடத்தில் கூம்பு ஏறத்தாழ அசைவற்று நிற்க, குழாயில் காற்று வலுவாக வீசும். அதுவே பெட்டியின் சுருதி. அதற்கும் கீழே கூம்பைத் தாங்கும் காற்றின் பிடி தளர்ந்துவிடும். அங்கே உரக்க ஒலித்தால் கூம்பு கெடும்.

துளையின் சுருதி பொருந்தாவிடில், எந்தப் பாட்டுக்கும் பெட்டி ஒரே குரலில் உறுமும். அடுத்த வீட்டாரின் சுவரும் அதிரும். அவ்வுறுமலை நாதமென்று கொள்ளலாகாது. தொப்பியில் விழும் ஒவ்வொரு வீச்சும் தனித்தனியே கேட்டு, அடுத்த வீச்சுக்குமுன் அடங்க வேண்டும். அவ்வாறு அமைந்த பெட்டி, தொலைவில் வாழும் நம் குழந்தைகளுக்கு மிருதங்கத்தின் மறுபாதியையும் கேட்கச் செய்யும்.