பிறர் பந்தயத்துக்குக் கார் செய்தவர்கள்: ராஜேஷ் ராவும் துருவாவும், 1997–2019

இந்தியாவில் கணினி விளையாட்டுத் தயாரிப்பைத் தொழிலாகத் தொடங்கிய முதல் நிறுவனம் எது என்று கேட்டால், துறையில் இருப்பவர்கள் பெங்களூரின் துருவா இன்டராக்டிவைத்தான் சொல்வார்கள். 1997 மார்ச் 15 அன்று அதைத் தொடங்கியவர் ராஜேஷ் ராவ். மின்பொறியியல் படித்தவர், அதற்கு முன் சிறிய அளவில் மல்டிமீடியா தொழில் செய்துவந்தார். அவருடைய பயணத்தை ஊடகங்கள் பெரும்பாலும் வெற்றிக்கதையாகவே எழுதின. அது பொய்யில்லை. ஆனால் விளையாட்டு செய்ய வந்த மனிதர் பிறருடைய விளையாட்டுக்கு உறுப்புகள் செய்துகொடுப்பவராக மாறியது ஏன் என்ற கேள்வி அதில் அமுங்கிப்போகிறது. இந்திய விளையாட்டுத் துறை பின்னாளில் எடுத்த உருவத்துக்கு அந்த மாற்றமே அச்சு என்பது இக்கட்டுரையின் வாதம்.

1997-இல் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கி இரண்டாண்டுகூட ஆகவில்லை. வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் சொற்பம். பிள்ளைகள் டி.வி.யில் மாட்டும் கேசட் வீடியோ கேமில் மரியோ ஆடினார்கள். கணினி இருந்த வீட்டினர் சென்னை ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ திருட்டு சிடி வாங்கினார்கள். இப்படிப்பட்ட சந்தையில் உள்ளூரில் செய்து உள்ளூரில் விற்பது கட்டுப்படியாகாது. பெங்களூரில் பொறியாளர்கள் இருந்தார்கள், மென்பொருள் பூங்கா இருந்தது. விளையாட்டுக்கு முன்பணம் போட்டு, கடைக்குக் கொண்டுசேர்க்கும் வெளியீட்டாளர்தான் இல்லை.

ஆகவே ராவ் வெளியே பார்த்தார். தொடக்க ஆண்டுகளில் இன்டெலுடன் தொடர்பு ஏற்பட்டது. அடுத்து பிரான்சின் இன்போகிராம்ஸ் நிறுவனத்திடமிருந்து ‘மிஷன்: இம்பாசிபிள்’ விளையாட்டின் கணினிப் பதிப்பைச் செய்யும் வேலை வந்தது. ஒரு சின்னக் குழுவுக்கு இது பெரிய வாய்ப்பு. அந்த விளையாட்டு 1998-இல் நின்டெண்டோ 64-க்கும், 1999-இல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. கணினிப் பதிப்பு மட்டும் வெளிவரவே இல்லை. ஒப்பந்தம் கொடுத்தவர் மனம் மாறினால், செய்துமுடித்த உழைப்புக்கும் முகவரி இருக்காது என்பதை துருவா ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டது.

2000-களின் தொடக்கத்தில் வந்த திருப்பத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். மேற்கத்திய நிறுவனங்களில் விளையாட்டின் தயாரிப்புச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புதிய கன்சோலும் முன்னதைவிட நுணுக்கமான படங்களைக் கேட்டது. நிரல் எழுதுவதையும் ஆட்டத்தை வடிவமைப்பதையும் கையில் வைத்துக்கொண்டு, படவேலையை மட்டும் வெளியே கொடுக்க அவர்கள் தயாரானார்கள். துருவா அதைப் பிடித்துக்கொண்டது.

அந்த வேலை எளிதானதல்ல. மைக்ரோசாஃப்டின் ‘ஃபோர்சா’ பந்தய வரிசைக்கு ஒரு கார் செய்வதை எடுத்துக்கொள்வோம். உண்மையான காரின் அளவுகளையும் நாற்புறப் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, ஆயிரமாயிரம் சிறு பரப்புகளை இணைத்து உடலைக் கட்டவேண்டும். பெயின்ட் பளபளக்கும் விதம் வேறு, இருக்கைத் தோலின் சுருக்கம் வேறு, முன்விளக்குக் கண்ணாடிக்குள் ஒளி சிதறுவது வேறு; ஒவ்வொன்றுக்கும் தனி மேற்பூச்சு. தொலைவில் ஓடும்போது கணினிக்குச் சுமை கூடாமலிருக்க அதே காருக்கு எளிய வடிவங்களும் தேவை. தயாரிப்பாளரும் கார் கம்பெனியும் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். பொறுமையும் கண்கூர்மையும் வேண்டும். அதை இந்தியாவில் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த பட்டறை துருவா.

ஆனால் அந்தக் கார் எந்தச் சாலையில் ஓடும் என்று முடிவுசெய்யும் இடத்தில் பெங்களூர் இல்லை. ஃபோர்சாவின் கிளை வரிசையான ‘ஃபோர்சா ஹொரைசன்’ 2012-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஓடியது, 2014-இல் பிரான்சு, இத்தாலி, 2016-இல் ஆஸ்திரேலியா, 2018-இல் பிரிட்டன். தமிழ்நாட்டில் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்துத் திரும்புவதைப் பார்த்த எவருக்கும், இது ஏன் ஒரு விளையாட்டுக்குள் வரவில்லை என்று தோன்றும். செய்யத் தெரிந்த கைகள் பக்கத்து மாநிலத்திலேயே இருந்தன. களத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலீடு செய்பவர். அவ்வளவுதான்.

ராவ் இதை அறியாதவரல்ல. உரிமையைத் தன் கையில் வைத்திருக்கும் முயற்சியாக, சார்லி சாப்ளினின் உருவத்தைக் கைப்பேசி விளையாட்டுகளில் பயன்படுத்தும் உரிமையை துருவா பெற்றது. அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃபிரீட்மன் 2005-இல் வெளியிட்ட ‘தி வேர்ல்ட் இஸ் ஃபிளாட்’ நூலில், உலகமயத்தின் புதிய மனிதராக ராவைக் காட்டியபோது இதையும் பெருமையாகக் குறிப்பிட்டார். உலகம் தட்டையாகிவிட்டது என்ற அந்நூலின் உற்சாகம் எனக்கு ஒப்புதலில்லை. வேலை பயணப்பட்ட அளவுக்கு உரிமை பயணப்படவில்லை. பின்னாளில் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் விளையாட்டுத் துறைக் குழுவுக்குத் தலைமை தாங்கியும், கேம்தந்த்ரா என்ற அமைப்பின் வழியாகப் புதியவர்களை வளர்த்தெடுக்க முயன்றும் ராவ் சொந்தத் தயாரிப்புக்கு வழி தேடினார்.

மாற்றுவழி நடந்தவர்களும் உண்டு. 1999-இல் விஷால் கோண்டல் மும்பையில் தொடங்கிய இந்தியாகேம்ஸ், கைப்பேசிச் சேவை நிறுவனங்கள் வழியாக விளையாட்டு விற்று, கடைசியில் டிஸ்னியின் கைக்குப் போனது. ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ்லேப்ஸ் 2008-இல் ஏ.ஆர். முருகதாஸின் இந்தி ‘கஜினி’யைக் கணினி விளையாட்டாக்கியது. படம் ஓடிய ஓட்டத்தில் பாதிகூட அது ஓடவில்லை. துருவா சேவையை நம்பியது கோழைத்தனம் என்று சொல்வதற்கு முன் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் தவறாமல் கொடுத்தது சேவைதான்.

சேவையை நம்பியதன் விலை பின்னர் தெரிந்தது. 2016 டிசம்பரில் சுவீடனின் விளையாட்டு நிறுவனமான ஸ்டார்பிரீஸ், துருவாவின் 90.5 சதவீதத்தை 85 லட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இரண்டாண்டில் ஸ்டார்பிரீஸே ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டின் தோல்வியால் நிதி நெருக்கடியில் விழுந்தது. 2019 மே மாதம் தன் பங்கை 79 லட்சம் டாலருக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 55 கோடி ரூபாய்க்கு, ராக்ஸ்டார் கேம்ஸுக்கு விற்றது. 300 பேருக்கு மேல் வேலை செய்த, இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள நிறுவனத்துக்கு அந்த விலை. வாங்கிய ராக்ஸ்டாரின் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ ஒன்றே அப்போது 11 கோடிப் பிரதிகள் விற்றிருந்தது. துருவாவின் கலைஞர்கள் அதே ஊரில் 2016-இல் தொடங்கப்பட்டிருந்த ராக்ஸ்டார் இந்தியாவோடு இணைக்கப்பட்டார்கள். துருவா என்ற பெயர் அத்தோடு நின்றுபோனது.