அரசாங்கத்தின் நண்பன்

 கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வன்னியில் வளர்ந்த பிள்ளையிடம் காட்டிக்கொடுத்தவன் யார் என்று கேட்டால் யோசிக்காமல் வரும் பதில் காக்கைவன்னியன். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான். இது ஆங்கிலேயரே கல்லில் வெட்டி நட்ட செய்தி. காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்த கதை வாய்மொழியாகவும் நாடகமாகவும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள்.

அந்தக் கதையில் ஒரு வசதி உண்டு. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் ஊருக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நாங்கள் காண்கிற துரோகம் பெரும்பாலும் இப்படி முகத்தைக் காட்டிக்கொண்டு வருவதில்லை. அது நட்பாக வரும். ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுவார். இருவருக்குமே உள்ளுக்குள் ஒரு குற்றவுணர்வு இருக்கும். நட்பு கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகும் விலக முடியாது. இதற்கு எங்கள் நாட்டு வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: எகெலப்பொல மகா அதிகாரமும் ஜோன் டொயிலியும்.

பண்டாரவன்னியன் போரிட்ட அதே 1803இல்தான் ஆங்கிலேயர் கண்டிக்கும் படை கொண்டு போனார்கள். நகரத்தைப் பிடித்தார்கள். ஆனால் அங்கே நிறுத்தி வைத்த படையை முழுமையாகவே இழந்தார்கள். மலையும் காடும் காய்ச்சலும் பீரங்கியை வென்றுவிடும் என்று அன்று படித்த பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. சில காலம் கழித்துக் கண்டிக்குப் போனது படை அல்ல, கடிதம்.

அந்தக் கடிதங்களை எழுதியவர் டொயிலி. மாத்தறையில் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றவர். 1805இல் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆனார். பெயருக்கு மொழிபெயர்ப்பு, உண்மையான வேலை உளவு. பிக்குகள், வியாபாரிகள், தூதர்கள் என்று பலர் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே அவருக்காகச் செய்தி கொண்டு திரிந்தார்கள். 1810 முதல் 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னாளில் அச்சாகியிருக்கிறது. யார் வந்தார், என்ன சொன்னார், எந்தப் பிரதானி என்ன பரிசு அனுப்பினார் என்று நாளுக்கு நாள் பதிந்திருக்கிறார். தேன் தடவிய கடிதம் ஒரு கையில், கணக்குப் புத்தகம் மறு கையில்.

எகெலப்பொல 1811இல் கண்டியின் முதலாம் அதிகாரமானார். அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்த பிலிமத்தலாவையை அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் சதிக் குற்றத்துக்காகக் கொன்றிருந்தான். அந்த நாற்காலியில் ஏறியவனுக்கு நித்திரை வருமா? அரசன் அவரைச் சந்தேகித்தான், அவர் அரசனுக்குப் பயந்தார். அந்தப் பயம் முற்றிய நேரத்தில்தான் டொயிலியின் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன.

1814இல் எகெலப்பொல சப்பிரகமுவையிலிருந்து அரசனுக்கு எதிராக எழுந்தார். ஆங்கிலேயர் படை அனுப்பவில்லை. கடிதத்தில் இருந்த நட்பு களத்துக்கு வரவில்லை. எழுச்சி தோற்றது. அவர் எல்லை தாண்டி ஆங்கிலேயரிடம் ஓடினார்.

இங்கே ஒன்றைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். கண்டியில் பிரதானிகள் வெளி மாகாணங்களுக்குப் போகும்போது குடும்பம் தலைநகரிலேயே இருக்க வேண்டும். அது பிணை. எகெலப்பொல கிளர்ச்சி செய்தபோது அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அரசனின் கைக்குள் இருந்தார்கள். அது அவருக்குத் தெரியாததல்ல. 1814 மே மாதத்தில் அவர்கள் கொல்லப்பட்டார்கள். பயந்த அண்ணனுக்கு முன்னால் வந்து தலையை நீட்டிய சின்ன மகன் மத்தும பண்டாரவின் கதையைச் சிங்களப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். அந்தக் கொலையைப் பற்றிச் சொல்லப்படும் விவரங்களில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆங்கிலேயரின் பிரசாரம் என்று பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 2017இல் வெளிவந்த தன் நூலில் கேள்வி எழுப்பினார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு குடும்பம் அழிந்தது என்பதில் மாற்றம் இல்லை.

இப்போது இரண்டு பக்கத்தையும் பாருங்கள். எகெலப்பொல குடும்பத்தை விட்டுவிட்டு ஓடி உயிர் பிழைத்த மனிதன். டொயிலியின் அரசாங்கம் அவரைத் தூண்டிவிட்டு, ஆபத்து வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்ற அரசாங்கம். இருவருக்கும் இடையில் அந்தப் பிணங்கள் கிடந்தன. ஆயினும் அதற்குப் பிறகுதான் நட்பு இன்னும் இறுகியது. ஏன்?

எனது வாசிப்பு இதுதான். டொயிலி உண்மையான நண்பன் அல்ல என்று எகெலப்பொல ஒருநாள் ஒத்துக்கொண்டால், அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: அப்படியென்றால் என் மனைவி பிள்ளைகள் எதற்காகச் செத்தார்கள்? அந்தக் கேள்விக்கு முகம் கொடுப்பதைவிட நட்பை நம்புவது இலகு. எவ்வளவு பெரிய விலை கொடுத்தோமோ, அவ்வளவு இறுக்கமாகப் பொருளைப் பிடித்துக்கொள்கிறோம், அது போலியாக இருந்தாலும். மறுபக்கத்தில் ஆங்கிலேயருக்கும் அவர் இல்லாமல் முடியாது. கண்டி மக்களுக்கு முன்னால் நாங்கள் உங்களை மீட்க வருகிறோம் என்று சொல்ல ஒரு கண்டி முகம் வேண்டும். மனைவி பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனைவிடப் பொருத்தமான முகம் எது?

1814 நவம்பரில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து கண்டிக்குப் போன பத்து வியாபாரிகள் ஒற்றர்கள் என்று பிடிபட்டு உறுப்புகள் வெட்டப்பட்டார்கள். ஏழு பேர் அங்கேயே இறந்தார்கள். மூவர் வெட்டிய உறுப்புகளோடு கொழும்பு வந்து சேர்ந்தார்கள். இது போருக்கு நல்ல காரணமாயிற்று. 1815 ஜனவரியில் போர் அறிவிப்பு, பெப்ரவரி 14இல் கண்டி நகரம், பெப்ரவரி 18இல் அரசனும் பிடிபட்டான். பிடித்தவர்கள் எகெலப்பொலவின் பக்கத்து ஆட்கள். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவை நாங்கள் வகுப்பில் வேகமாகக் கடந்துபோகிறோம். பதவி நீக்கப்பட்ட அரசனின் ஆண் உறவினர்கள் எதிரிகள், அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் கால் வைத்தால் இராணுவச் சட்டத்தின் கீழ் தண்டனை. வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வரவும் கூடாது. ஒரு பிறப்பில் பிறந்ததற்காக ஒரு கூட்டத்தை ஊரைவிட்டு அனுப்பி, திரும்பி வருவதையும் தடை செய்த பத்திரம் அது. நண்பர்கள் சேர்ந்து கைச்சாத்திட்ட பத்திரம். அரசனை 1816இல் வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான்.

எகெலப்பொல சிம்மாசனத்தை எதிர்பார்த்தார். அது அவருக்குக் கொடுக்க வைத்திருந்த பொருளே அல்ல. முதலாம் அதிகாரப் பதவியைக் கொடுத்தார்கள்; வேண்டாம் என்றார். அவருடைய போட்டியாளர் மொல்லிகொட அந்தப் பதவியில் அமர்ந்தார், முதல் ஆண்டு எகெலப்பொலவின் எழுச்சியை அடக்கிய அதே மொல்லிகொட. எகெலப்பொல கேட்டுப் பெற்றது ஒரு பட்டம்: பிரித்தானிய அரசாங்கத்தின் நண்பன். சம்பளமில்லை, அதிகாரமில்லை, நண்பன் என்ற சொல் மட்டும். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதனில் கோபம் வருவதில்லை, இரக்கம்தான் வருகிறது. நட்பு இருக்கிறவன் அதற்குச் சான்றிதழ் கேட்க மாட்டான்.

டொயிலி கண்டியின் வதிவிடப் பிரதிநிதி ஆனார். இருவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். மரியாதைகள் தொடர்ந்தன. கண்காணிப்பும் தொடர்ந்தது.

1817இல் ஊவா, வெல்லஸ்ஸ பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அதன் தொடக்கத்தில் எங்கள் ஆள் ஒருவரும் நிற்கிறார். வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு மேல் ஹாஜி என்று அறியப்பட்ட ஒருவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தார்கள். விசுவாசத்துக்குப் பரிசு. அங்கே பரம்பரையாக அதிகாரம் வைத்திருந்தவர்களுக்கு அது அவமானம். கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப்போன உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சனும் அம்பு பட்டு இறந்தார். நியமனக் கடிதம் கொடுத்தவர்கள் கண்டியில் பாதுகாப்பாக இருந்தார்கள். அயலவனோடு உள்ள உறவைப் பணயம் வைத்து, தூரத்தில் இருக்கும் பலசாலியின் நண்பன் என்று பெயர் வாங்கினால் அதன் விலையை யார் கட்டுவது என்று அந்த மனிதரின் முடிவு சொல்கிறது.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை மறுபக்கம் சேர்ந்துகொண்டார். அவர் எகெலப்பொலவின் மனைவியின் சகோதரர். ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் அவர் எதிர்த்து நின்றார் என்பதைக் கவனியுங்கள். பிரிவதானாலும் கணக்கை நேர்செய்து, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பிரிந்தார். 1818 நவம்பர் 26இல் அவருடைய தலை வெட்டப்பட்டது.

எகெலப்பொலவால் அப்படி எழுந்து போக முடியவில்லை. சேரவும் இல்லை, விலகவும் இல்லை. 1818 மார்ச் 2இல், ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சரியாக மூன்று ஆண்டுகள் நிறைந்த நாளில், அவரைக் கைது செய்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கொழும்பில் தடுத்து வைத்து, 1825இல் மொரீஷியஸ் தீவுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கே இறந்தார். டொயிலி அதற்கு முன்பே, 1824 மே மாதத்தில், கண்டியில் காய்ச்சலில் இறந்துவிட்டார். அங்குள்ள ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஒருவர் மற்றவரின் மண்ணில் புதைந்தார், மற்றவர் இருவருக்குமே சொந்தமில்லாத தீவில்.

இந்தக் கதையை ஏன் வன்னியில் இருந்துகொண்டு எழுதுகிறேன்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் போனவர்களில் பலர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் வயதானார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அதை ஓர் அரசியல் தவறு என்றார். மேடையில் சொன்ன வார்த்தை அது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் பேச வேண்டியது வேறு.

2009க்குப் பிறகு மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். பழைய நட்புகள் மீண்டும் துளிர்த்தன. அல்ஹம்துலில்லாஹ், அவற்றில் பல உண்மையான நட்புகள். ஆனால் வேறொரு வகையும் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஒருவர் கடன் கேட்கிறார், மற்றவர் மனமில்லாமல் கொடுக்கிறார், ஏனென்றால் இடையில் 90 இருக்கிறது. எங்கள் வீட்டு நிலைக்கதவு யாருடைய வீட்டில் நிற்கிறது என்று இவர் கேட்பதில்லை, அவர் சொல்வதுமில்லை. 2009 மே மாதத்தில் நாங்கள் முள்ளிவாய்க்காலில் கிடந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று அவர் கேட்பதில்லை, இவர் சொல்வதுமில்லை. பெருநாளைக்குப் புரியாணி போகிறது, பொங்கலுக்குப் பொங்கல் வருகிறது. முதுகுக்குப் பின்னால் "உங்கட ஆட்கள்" என்ற பேச்சும் நடக்கிறது. ஒருவர் காயத்தைக் காட்டி வாங்குகிறார், மற்றவர் குற்றவுணர்வால் கொடுக்கிறார். நாளைக்கு மற்றவரின் முறை. வெளியே இருந்து பார்த்தால் நல்லிணக்கம். உள்ளே இரண்டு பேரும் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார்கள்.

எகெலப்பொலவும் டொயிலியும் பல ஆண்டுகள் கடிதமும் மரியாதையும் பரிமாறினார்கள். 1814 மே மாதத்தை நடுவில் வைத்து, நீ ஏன் வரவில்லை என்று ஒருவர் மற்றவரைக் கேட்டதாக நான் எங்கும் வாசித்ததில்லை. கேட்டிருந்தால் நட்பு முறிந்திருக்கும். ஆனால் கேளாமலே அது அவரைத் தீவில் கொண்டுபோய் விட்டது.

எங்கள் பிரதேசத்தில் வேறு வழியில் போன குடும்பங்களும் உண்டு. உறுதியையும் பேமிற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்து, எல்லையை அளந்து, இத்தனை வருடம் கிணற்றை இறைத்துப் பராமரித்தவருக்கு என்ன நியாயம், விட்டுப்போனவருக்கு என்ன நியாயம் என்று வாய்விட்டுப் பேசியவர்கள். சிலர் சண்டை பிடித்தார்கள். சிலர் ஆறு மாதம் முகம் பார்க்கவில்லை. அதன் பிறகும் மிஞ்சிய உறவு ஒருவரையொருவர் பயமில்லாமல் பார்க்கிற உறவு. அந்த உறவில் அமானிதம் இருக்கிறது.

பாட்டன்மார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வையுங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள்: 1990க்கு முன் இந்த வீதியில் யார் யார் இருந்தார்கள், யார் போனார்கள், யார் காத்தார்கள், யார் எடுத்தார்கள். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் வீட்டிலும், முஸ்லிம் பிள்ளை தமிழ் வீட்டிலும் போய் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது. கேட்டதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், சம்பவம் போதும்.