கிரிஃபித்தைப் பிடிக்காதவர்கள்

உலக சினிமா வகுப்புகளில் டி.டபிள்யூ. கிரிஃபித் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். அமெரிக்க சினிமாவுக்கு இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர். அவர் படம் பிடிக்கவில்லை என்றால், "கருத்தை விடுங்க, கிராஃப்டைப் பாருங்க" என்று பதில் வரும். நம்மூர் மேதைகளின் படங்களைக் கேள்வி கேட்கும்போதும் இதே பதில்தானே தோழர்களே?

கிராஃப்டையே பார்ப்போம். 1915இல் வந்த அவருடைய 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' மூன்று மணி நேர மௌனப் படம். தாமஸ் டிக்சனின் 'தி கிளான்ஸ்மேன்' நாவலைத் தழுவியது. அடிமைத்தளை அறுந்து வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்களை ஆளத் தகுதியற்றவர்களாக, வெள்ளைப் பெண்களைத் துரத்துபவர்களாகக் காட்டியது. முக்கியக் கறுப்பினப் பாத்திரங்களில் முகத்தில் கறுப்பு பூசிய வெள்ளை நடிகர்கள். கொலைகாரக் கூட்டமான கு க்ளக்ஸ் கிளான்தான் இதில் கதாநாயகப் படை.

இறுதியில் குடிசைக்குள் சிக்கிய வெள்ளையர்களையும் குதிரைகளில் பாய்ந்து வரும் கிளானையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார் கிரிஃபித். 'சீக்கிரம் வந்து சேருங்கள்' என்று பார்ப்பவர் மனம் பதைக்கிறது. அடுத்த தேர்தலில் கறுப்பின மக்கள் வாக்களிக்க வரும்போது, வாசலில் ஆயுதங்களோடு கிளான் நிற்கிறது. அதுவும் வெற்றிக் காட்சி! பாடமாக நடத்தப்படும் அந்தப் படத்தொகுப்புதான் வெறுப்பைப் பார்வையாளரின் நாடித்துடிப்பில் ஏற்றியது. இதில் கருத்தை எங்கே பிரித்து வைப்பது?

1915 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில், அதிபர் உட்ரோ வில்சன் முன் படம் திரையிடப்பட்டது. நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் கிளான் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆள் சேர்க்க இந்தப் படமே பயன்பட்டது.

கறுப்பின மக்கள் சும்மா இருக்கவில்லை. என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு நகரம் நகரமாகத் தடை கோரியது. பாஸ்டனில் டிக்கெட் கேட்டு மறுக்கப்பட்ட பத்திரிகை ஆசிரியர் வில்லியம் மன்ரோ டிராட்டர் தியேட்டரிலேயே கைதானார். ஓஹியோ, கன்சாஸ் மாநிலங்கள் தடை விதித்தன. பெரும்பாலான ஊர்களில் படம் ஓடி வசூலைக் குவித்தது. கிரிஃபித்தோ பேச்சுரிமை பறிபோகிறது என்று 1916இல் துண்டு நூல் வெளியிட்டார். கொல்லப்பட்டவர்களை இழிவுபடுத்தியவர், தன்னையே பாதிக்கப்பட்டவராக நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் ஆய்வுரையை 1916 மே மாதம் அங்கேதான் வாசித்தார். 1915 மார்ச் முதல் இந்தப் படம் ஓடியதும் அதே நகரத்தில்தான்.

எதிர்ப்பு தடையோடு முடியவில்லை, சினிமாவாகவும் வந்தது. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920இல் 'வித்தின் அவர் கேட்ஸ்' எடுத்தார். கும்பல் கொலையையும், கறுப்பினப் பெண் மீது வெள்ளையன் நடத்தும் வன்முறையையும் திரையில் வைத்தார். கலவரம் வரும் என்று சிகாகோ தணிக்கையாளர்கள் தயங்கினார்கள். பல பத்தாண்டுகள் தொலைந்துபோன அந்தப் படத்தின் ஒரு பிரதி பிறகு ஸ்பெயினில் கிடைத்தது. கிரிஃபித்தின் பிரதிகளோ ஒருநாளும் தொலையவில்லை. எது பாதுகாக்கப்படுகிறது என்பதும் அரசியல்தான்.

அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் 1953 முதல் கிரிஃபித் பெயரில் உயரிய விருது வழங்கியது. இனவாதச் சித்திரிப்பைக் காரணம் காட்டி 1999இல் அந்தப் பெயரை நீக்கியது. டிராட்டர் கைதாகி 84 ஆண்டுகள் கழித்து!

எனவே, 'மேதை' எடுத்த படம் பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்க வேண்டாம். சொல்வதோடு நிறுத்தவும் வேண்டாம். எந்தக் காட்சி, எந்த வெட்டு, யாருக்காக நம்மைப் பதற வைக்கிறது, யாருடைய முகத்தைக் காட்ட மறுக்கிறது என்று எழுதுங்கள். முடிந்தால் மிஷோவைப் போலக் கேமராவைக் கையில் எடுங்கள்.