சப்ரகமுவத் தோட்டங்களில் செய்தி சென்ற வழி

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரண்டு மாவட்டங்களைக் கொண்டது. நுவரெலியாப் பக்கத்தைப் போலத் தேயிலையே மலை முழுவதையும் மூடிக் கிடக்கும் நாடன்று இது. இங்கே தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களுக்கும் வயல்களுக்கும் இடையில் திட்டுத் திட்டாக அமைந்திருக்கின்றன. தெரணியகலைத் தோட்டமொன்றில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்குப் பலாங்கொடையில் வாழும் உறவினர் வெகு தொலைவில் உள்ளவர். ஆகையால், செய்தி என்பது இப்பகுதித் தொழிலாளருக்கு எக்காலத்திலும் அரிய பண்டமாகவே இருந்து வந்தது. அது எவ்வழியே வந்தது, யார் யார் கையைக் கடந்து வந்தது என்று பார்த்தால்தான், இன்று லயத்து வாசலில் ஒலிக்கும் கையடக்கத் தொலைபேசியின் பொருள் விளங்கும்.

தோட்டத்தின் முதல் செய்திக் கருவி தப்பு. விடியுமுன் தப்பொலி எழுந்தால் பெரட்டுக்குப் போக வேண்டும் என்பது கட்டளை. மணிக்கூடு துரையின் பங்களாவில் இருந்தது. லயத்திலிருந்தவர்களுக்குக் காலத்தை அறிவித்தது தப்பேயாகும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டது, வேலை பிரிக்கப்பட்டது, தண்டனையும் அறிவிக்கப்பட்டது. எல்லாச் செய்தியும் மேலிருந்து கீழே இறங்கியது. கீழிருந்து மேலே செல்ல வேண்டிய செய்தி கங்காணியின் வாய் வழியாகவே செல்லலாம். கங்காணியைப் பற்றிய முறைப்பாடாயின், அது போய்ச் சேர வழியே இல்லை.

அடுத்தது கடிதம். களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டிய பின் தபால் விரைவாக வரலாயிற்று. ஆனால் அது தொழிலாளியின் கையை எட்டவில்லை. பட்டணத்துத் தபாற்கந்தோரிலிருந்து தோட்டத்துத் தபால்காரர் பையைச் சுமந்துவந்து ஆபீசில் இறக்குவார். அங்கிருந்துதான் கடிதங்கள் பிரிந்து செல்லும். லயத்துக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரே ஆயிரம் பேருக்கும் பொது விலாசம். எழுத்தறியாதவருக்குக் கணக்கப்பிள்ளையோ பள்ளிக்கூட வாத்தியாரோ கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் தாய் இறந்தாள் என்ற செய்தியை, அவள் மகனுக்கு முன்னதாக மற்றொருவர் அறிந்துகொண்டார். இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. தன் துக்கத்தைக்கூடத் தானே முதலில் அறிய முடியாத நிலை அது. விலாசமில்லாத இக்குறை பல தோட்டங்களில் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. நேர்முகப் பரீட்சைக்கு வரும்படி அழைக்கும் கடிதம் நாள் கடந்து வந்து, வேலை வாய்ப்பை இழந்த இளைஞர் பலர்.

இந்தக் கட்டை முதலில் உடைக்க முனைந்தவர் கோ. நடேசையர். அந்நியர் தோட்டத்துள் நுழைவதே குற்றமாயிருந்த காலத்தில், துணி வியாபாரிபோல் வேடம் பூண்டு அவர் லயங்களுக்குச் சென்று பார்த்தார். பின்னர் 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்னும் பத்திரிகைகளை நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். பாட்டுகளை அச்சிட்டும் பரப்பினார். படிக்கத் தெரியாதவரும் பாட்டை மனத்தில் வைத்துக்கொள்வார் என்பதை அத்தம்பதியர் உணர்ந்திருந்தனர். பத்திரிகையைப் பறிக்கலாம், மனப்பாடமான பாட்டை எந்தத் துரையாலும் பறிக்க முடியாதல்லவா?

வானொலி வந்த கதை வேறு. கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் நாள் ஒலிபரப்புத் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் 1949இல் வந்தது. எனினும் மின்சாரமில்லாத லயத்தில் பெரிய வானொலிப் பெட்டியை வைத்து என்ன செய்வது? கங்காணி வீட்டிலும் கடை வாசலிலும் நின்றே பாட்டுக் கேட்டார்கள். சிறிய பற்றரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் வந்த பின்னரே வானொலி லயத்துக்குள் புகுந்தது. ஆபீசின் கையைக் கடக்காமல் வெளியுலகச் செய்தி வீட்டுக்குள் வந்தது அப்போதுதான்.

அப்படி வந்த செய்திகளுள் மிகக் கொடியது 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்த குரல் எண்ணிக்கையைச் சொல்லிற்று; அந்த எண்ணிக்கைக்குள் தன் குடும்பம் எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லவில்லை. வானொலி கேட்க மட்டும் உதவும் கருவி. திருப்பிப் பேச உதவாது. பின்னர் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சென்ற குடும்பங்களுக்கும், இங்கே தங்கிவிட்டவர்களுக்கும் இடையில் கடிதமே ஒரே பாலமாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்லப் பல கடிதங்கள் நின்றுபோயின.

திருப்பிப் பேச இயலாமையின் விலை 1977இலும் 1981 ஆகஸ்டிலும் தெரிந்தது. இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தை, இறக்குவானை முதலிய இடங்களில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டு, லயங்கள் கொளுத்தப்பட்டன. தொலைபேசி ஆபீசிலும் பங்களாவிலும் மாத்திரமே இருந்தது. அடுத்த தோட்டத்தில் என்ன நடந்தது என்பதை ஓடிவந்தவர் சொல்லியே அறிந்தார்கள். வதந்தி எது, உண்மை எது என்று பிரித்தறிய வழியின்றிக் காட்டில் இரவைக் கழித்தவர் பலர். பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தன.

தொலைக்காட்சி 1979இலும் ‘ரூபவாஹினி’ 1982இலும் நாட்டுக்கு வந்தன. அவை பொழுதுபோக்கைக் கூட்டின. அதற்கு மேல் லயத்தின் நிலையை மாற்றவில்லை. கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இல் நாட்டில் தொடங்கியது. மலிவு விலைக் கருவி தோட்டத்தை எட்டியதோ 2000க்குப் பின். விலாசமில்லாதவனுக்கு அது ஓர் இலக்கத்தைக் கொடுத்தது. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனும், வளைகுடா நாட்டில் வீட்டு வேலை செய்யும் தாயும் யாருடைய தயவுமின்றி லயத்தோடு பேசினர். எழுதத் தெரியாத பாட்டி குரலைப் பதிவுசெய்து அனுப்பினாள். கோத்தகிரியிலுள்ள உறவினரை முகநூலில் தேடிக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. சிங்களப் பாடசாலையில் படித்த பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். இதைக் கண்டு முகம் சுளிப்பவர், அருகில் தமிழ்ப் பாடசாலை இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

2018 அக்டோபர் 24ஆம் நாள், நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று கறுப்பு உடையணிந்த மலையக இளைஞர் ஆயிரக்கணக்கில் காலிமுகத்திடலில் கூடினர். அவர்களைக் கூட்டியது சங்கத் தலைவரின் அறிக்கையன்று, சமூக ஊடகமே. கீழிருந்து மேலே செல்லும் வழி ஒன்று முதன்முறையாகத் தொழிலாளரின் பிள்ளைகள் கையிலேயே இருந்தது. அந்த ஆயிரம் ரூபா 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது என்பது வேறு விஷயம்.

ஆனால் புதிய கருவி புதிய கதவுகளையும் பூட்டுகிறது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைபேசிக்கு மாறியபோது, சமிக்ஞை தேடி மலையுச்சிக்குப் பிள்ளைகள் ஏறினர். ஒரே கருவியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீட்டில் இளையவனுக்குப் படிப்பு இல்லை. சில தோட்டங்களில் கொழுந்தை மின்தராசு நிறுக்கிறது. பழைய தராசில் கள்ள நிறை பிடித்தால் கணக்கப்பிள்ளையோடு சண்டையிடலாம். மின்தராசு தவறினால் யாரோடு சண்டையிடுவது?

2016 மே மாதத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அந்நாட்களிலேயே புளத்கொஹுபிட்டியத் தோட்டமொன்றில் லயங்கள் மண்ணுள் புதைந்து உயிர்கள் போயின. மழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இப்போது தொலைபேசிக்கே வருகிறது. அது தமிழில் வருகிறதா, இரவில் லயத்திலுள்ள வயோதிபர் படித்து விளங்கிக்கொள்ளும் சொற்களில் வருகிறதா என்பதே சரிவின் கீழுள்ள ஒவ்வொரு லயத்திலும் எழும் கேள்வி.